போய்ப் பார்க்கலாமா?

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்கிறோம். ஒளிப்பதிவு பற்றியோ இயக்குநரின் பார்வை பற்றியோ தெரிந்துகொள்ள யாரும் அப்படிக் கேட்பதில்லை. நாம போகலாமா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா, சின்னவன் பயப்படுவானா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பவைதான் அதற்குள் இருக்கும் கேள்விகள். பதில் சொல்பவருக்கும் இது தெரியும். அதனால் ஒரே படத்தைப் பற்றி ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொல்வார். அலுவலக நண்பனிடம் "செம படம், உடனே போ" என்பார். பக்கத்து வீட்டு அக்காவிடம் "நல்ல படம்தான், ஆனா உங்க மாமியாரோட உக்காந்து பாக்குற படம் இல்லக்கா" என்பார். அப்பாவிடம் "உங்களுக்குப் பிடிக்காதுப்பா" என்று முடித்துக்கொள்வார். மூன்றிலும் பொய் இல்லை. படத்தோடு கேட்பவரையும் சேர்த்து எடை போட்டுச் சொன்ன பதில்கள் அவை.

இந்தப் பேச்சைத் திரை விமர்சனத்தின் தம்பி என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. விமர்சகர் முகம் தெரியாத வாசகருக்கு எழுதுகிறார். சாதாரணப் பார்வையாளர் தெரிந்தவருக்குச் சொல்கிறார். கருத்து தவறாகப் போனால் விமர்சகர் அடுத்த வாரமும் எழுதுவார். "உன் பேச்சைக் கேட்டுப் போய் முன்னூறு ரூபாய் தண்டம்" என்று திட்டு வாங்குவது மற்றவர்தான். இந்தப் பொறுப்புதான் அவர் பேச்சுக்கு மதிப்பைத் தருகிறது.

அவரது அளவுகோலும் தனி. சென்னையில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட் ஒன்று சுமார் 190 ரூபாய். நான்கு பேர் போனால் டிக்கெட்டுக்கு மட்டும் 760 ரூபாய். பார்க்கிங், பாப்கார்ன், இடைவேளையில் குழந்தை கேட்கும் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்தால் ஆயிரத்து ஐந்நூறு சாதாரணமாகக் கரையும். பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கே வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆகவே இன்றைய தீர்ப்புகள் செலவை ஒட்டியே அமைகின்றன. "தியேட்டர்ல பாரு" என்பது முதல் வகுப்பு. "ஒரு தடவ பாக்கலாம்" என்பது தேர்ச்சி. "ஓடிடில வந்ததும் பாத்துக்கலாம்" என்பது நாகரிகமான நிராகரிப்பு. "டிவில போட்டாப் பாத்துக்க" என்றால் அந்தப் படத்துக்கு அதற்குமேல் பேச்சில்லை. பத்தாண்டுக்கு முன் "ஓடிடில பாத்துக்கலாம்" என்ற தட்டே இல்லை. அது வந்தபிறகு "ஒரு தடவ பாக்கலாம்" ரகப் படங்கள் பலவும் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. படங்களின் தரம் குறைந்ததால் நேர்ந்த மாற்றமாக இது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் கவனிக்கத் தக்கது. நம்மவர்கள் படத்தை இடைவேளையில் வெட்டித்தான் பேசுவார்கள். "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்." இடைவேளை இல்லாமல் ஒரே மூச்சில் படம் காட்டும் நாடுகளில் இந்த வாக்கியத்துக்கு வேலை இல்லை. நமக்கு அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் முதல் கருத்துக்கணிப்பு. கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அதே வரிசையில் வாட்ஸ்அப் குழுவுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். திரைக்கதை எழுதுகிறவர்கள் இடைவேளைக் காட்சிக்கு அவ்வளவு உழைப்பது இந்த வரிசையை மனத்தில் வைத்துத்தான்.

சாதாரணப் பார்வையாளர் என்ன நினைத்தார் என்பதற்குப் பழைய ஆவணங்கள் மிகக் குறைவு. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு சினிமாவை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை தந்தார்கள். அந்தச் சாட்சியங்களில் பெரும்பாலும் பேசுகிறவர்கள் அதிகாரிகளும் படித்தவர்களும் தொழில் நடத்துவோரும்தான். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசில் அடித்தவரைப் பற்றி மற்றவர்கள் சொல்கிறார்கள், அவராகப் பேசும் இடம் அரிது. பேசும்படம் வந்தபின் பத்திரிகை விமர்சனம் வளர்ந்தது. ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியதை அன்றைய வாசகர்கள் கொண்டாடினார்கள். அதுவும் கச்சேரிக்குப் போகும் ரசிகரின் குரல்தான். டென்ட் கொட்டகையின் குரல் இல்லை.

டென்ட் கொட்டகையின் பேச்சு எங்கே பதிவானது என்று தேடினால் பாட்டுப் புத்தகத்தின் அருகே போய் நிற்கிறோம். அன்று படத்தோடு சேர்த்து விற்ற மெல்லிய தாள் புத்தகங்களில் பாட்டுகளுக்கு முன் கதைச் சுருக்கம் இருக்கும். கதை சூடு பிடிக்கும் இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். அந்த மீதியை ஊருக்குச் சொன்னவர் படம் பார்த்துவிட்டு வந்தவர். டவுனுக்குப் போய்ப் படம் பார்த்து வந்த பெண் மறுநாள் திண்ணையிலோ களத்துமேட்டிலோ முழுக்கதையையும் காட்சி காட்சியாகச் சொல்வார். கதாநாயகி அழுத இடத்தில் சொல்பவரும் அழுவார், கேட்பவர்களும் அழுவார்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. கதை கேட்டவர்களே அடுத்த வாரம் வண்டி கட்டிக்கொண்டு போய் அதே படத்தைப் பார்த்தார்கள். இன்று ஒரு வரி வாய் தவறினால் "ஸ்பாய்லர் சொல்லாத" என்று பாய்கிறோம். படத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதைவிட அது எப்படி நடக்கப்போகிறது என்பதற்காகப் போன கூட்டம் அது. புராணக் கதைகளில் பழகிய காதுகளுக்கு முடிவு முன்பே தெரிவது ஒரு குறையே இல்லை.

பத்திரிகைகள் இந்தப் பேச்சின் சுவையை அறியாமல் இல்லை. 1960களில் ஆனந்த விகடன் வெளியிட்ட திரை விமர்சனங்களில் பலவற்றின் வடிவம் வேடிக்கையானது. சேகர், சந்தர் என்று இரண்டு பேர் படம் பார்த்துவிட்டு வந்து பேசிக்கொள்வார்கள். இன்னொரு ஜோடி முனுசாமியும் மாணிக்கமும். ஒருவர் புகழ, மற்றவர் இழுக்க, படத்தின் நிறை குறை இரண்டும் உரையாடலிலேயே வெளிவந்துவிடும். விமர்சகர் தன் நாற்காலியிலிருந்து இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு அதைக் கொடுத்துவிட்ட மாதிரி ஓர் ஏற்பாடு. பின்னாளில் விகடன் மதிப்பெண்ணுக்கு மாறியது. '16 வயதினிலே' வாங்கிய 62.5ம் 'முள்ளும் மலரும்' வாங்கிய 61ம் இன்றும் பேசப்படுகின்றன. மதிப்பெண் என்பது பள்ளிக்கூடத்துச் சமாசாரம். முனுசாமியும் மாணிக்கமும் செய்தது அதைவிட நுட்பமான வேலை என்பது என் கட்சி. ஒரு படத்தைப் பற்றி இரண்டு நியாயங்கள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை அவர்கள் வாரா வாரம் காட்டினார்கள். எண்ணால் அதைக் காட்ட முடியாது.

இந்த வாய்ப்பேச்சுக்கு எவ்வளவு வலு என்பதற்கு 'முள்ளும் மலரும்' நல்ல சாட்சி. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். ரஜினிகாந்த் அப்போது முழு நட்சத்திரமாக எழுந்துவிடவில்லை. முதல் சில வாரம் கூட்டமே இல்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் கூடி, நூறு நாளைத் தாண்டி ஓடியது. இரண்டு ஆண்டு கழித்து 'ஒரு தலை ராகம்'. நடித்தவர்கள் பெரும்பாலும் புதுமுகங்கள். மந்தமாகத் தொடங்கிய படத்தைக் கல்லூரி மாணவர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்லிச் சொல்லித் தூக்கி நிறுத்தினார்கள். 1999 டிசம்பரில் வந்த பாலாவின் 'சேது' வாங்க ஆளின்றிக் கிடந்து, கடைசியில் சென்னையில் பகல் காட்சி ஒன்றில் மட்டும் ஒட்டிக்கொண்டு வெளியானது. அந்த ஒற்றைக் காட்சிக்குப் போனவர்கள் வெளியே வந்து பேசியதுதான் அதற்குக் கிடைத்த விளம்பரம். விக்ரம் என்ற நடிகரின் வாழ்க்கையே அந்தப் பேச்சில் திரும்பியது.

மறுபக்கமும் உண்டு. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் நடித்தும் முதல் சுற்றில் எடுபடவில்லை. பாட்டுக்கென்றே படத்துக்குப் போன காலத்தில் "பாட்டு ஒண்ணுகூட இல்லையாம்" என்ற ஒரு வாக்கியம் என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. இன்று அதைத் தமிழின் முக்கியமான படங்களில் ஒன்றாகச் சொல்கிறோம். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அன்று ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதை மீட்டார்கள். அந்த முதல் வாரப் பார்வையாளர்கள் ரசனை கெட்டவர்கள் என்று முடிவு கட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பண்டிகை நாளில் குடும்பத்தோடு போகத் தகுந்த படமா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். இருபதாண்டு கழித்து நினைக்கத் தகுந்த படமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட வாய்ப்பேச்சைப் பற்றிய ஒரு பெரிய கள ஆய்வு தமிழகத்துக்கு வெகு தொலைவில் நடந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டெகேட்டர் என்ற நடுத்தர ஊர். 1945இல் அங்கே சுமார் 800 பெண்களைப் பேட்டி கண்டார்கள். எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்டு இருவரும் 1955இல் அதை நூலாக்கினார்கள். மளிகை, உடை, அரசியல், சினிமா ஆகிய நான்கிலும் யார் பேச்சை யார் கேட்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. உடையில் ஒருவர், அரசியலில் வேறொருவர் என்று செல்வாக்கு துறைக்குத் துறை மாறியது. சினிமாவில் பேச்சு எடுபட்டவர்கள் மணமாகாத இளம்பெண்கள். பணமோ அந்தஸ்தோ அதைத் தீர்மானிக்கவில்லை. அடிக்கடி படம் பார்ப்பதுதான் தகுதி. பெரியவர்கள்கூட எந்தப் படம் பார்க்கலாம் என்று இளையவர்களைக் கேட்டார்கள். நம் வீடுகளில் கல்லூரி போகும் பெண்ணிடம் தாத்தா "அந்தப் படம் தேறுமா?" என்று கேட்பது புதிதல்ல என்பது இதைப் படித்தபோது உறைத்தது.

பிற்காலத்தில் பொருளியலாளர்கள் வசூல் கணக்கைக் கையில் எடுத்தார்கள். என்ரிகோ மொரெட்டி 2011இல் வெளியிட்ட ஆய்வின் சூட்சுமம் அழகானது. ஒரு படத்தை எத்தனை திரைகளில் போடுகிறார்கள் என்பதே அதன்மேல் இருந்த எதிர்பார்ப்பின் அளவு. முதல் வார இறுதியில் அந்த எதிர்பார்ப்பை மிஞ்சிய படங்களின் வசூல் பின்வரும் வாரங்களில் மெல்லவே இறங்கியது. ஏமாற்றிய படங்களின் வசூல் சரிந்து விழுந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்ததா, இல்லை, உண்மையில் படத்தின் தரம் பற்றிய பேச்சு பரவியதா? இதைப் பிரித்தறிய அவர் வானிலையை எடுத்துக்கொண்டார். மழையோ பனியோ கெடுத்துக் கூட்டம் குறைந்த படங்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில் பாதிப்பு இல்லை. மழையால் வராதவர்கள் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதே சமயம், நண்பர் வட்டம் பெரிதாக உள்ள பதின்வயதினருக்கான படங்களில் இந்தப் பேச்சின் விளைவு கூடுதலாக இருந்தது.

யோங் லியூ 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் இடைஞ்சல். இணையத்தில் பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை எடுத்துப் பார்த்தபோது, பாராட்டா திட்டா என்பதைவிட எத்தனை பேர் பேசினார்கள் என்பதே வசூலை அதிகம் விளக்கியது. இரண்டு ஆய்வும் மோதுவதாகத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. முகம் தெரியாதவர் எழுதியதைப் படிக்கும்போது "இப்படி ஒரு படம் வந்திருக்கு, எல்லாரும் பேசுறாங்க" என்பது மட்டும் மனத்தில் தங்குகிறது. தெரிந்தவர் சொல்லும்போதுதான் நல்லதா கெட்டதா என்பது வேலை செய்கிறது. மொரெட்டியின் வட்டம் நண்பர்களுடையது, லியூவின் வட்டம் அந்நியர்களுடையது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் தியேட்டர் வாசலில் நிற்கலாம். ஒன்பது மணிக் காட்சி முடியும்போது மணி பன்னிரண்டை நெருங்கும். கதவு திறப்பதற்கு முன்பே யூடியூப் சேனல்களின் மைக்குகள் வாசலை மறித்து நிற்கும், பஞ்சு உறைமேல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். முதலில் ஓடி வருகிறவர் இறுதிப் பெயர்கள் ஓடும் முன்பே எழுந்தவர். தலையில் காகிதத் துணுக்கு ஒட்டியிருக்கும், தொண்டை கட்டியிருக்கும். "படம் எப்படி ப்ரோ?" என்றதும் அவர் கண் கேட்டவரைப் பார்ப்பதில்லை, கேமராவைப் பார்க்கிறது. "தலைவன் வேற லெவல்!" என்று கத்துவார், இல்லையென்றால் "காச திருப்பிக் குடுங்கடா" என்று கத்துவார். இடுப்பில் குழந்தையோடு வரும் பெண் மைக்கைக் கண்டதும் ஒதுங்கி, "நல்லாருக்கு" என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு நடந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொல்லப்போவதுதான் நமக்கு வேண்டிய கருத்து. அது பதிவாவதில்லை. அவரது ஒற்றைச் சொல்லை எடிட்டிங்கில் வெட்டியும்விடுவார்கள்.

இங்கே மாதிரி எடுப்பதிலேயே கோளாறு இருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறவர் ஒன்று தீவிர ரசிகர், இல்லை எதிர்முகாம் ரசிகர். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து முதல் நாள் பார்வையாளர்களிடம் சீட்டு கொடுத்து மதிப்பிடச் சொல்கிறது. எட் மின்ட்ஸ் என்பவர் தான் பார்த்த ஒரு படம் ஏமாற்றியதால், சாதாரண ஆளின் கருத்து வேண்டும் என்று தொடங்கியது அது. அங்கேயும் முதல் நாள் கூட்டம் ஆசையோடு வந்த கூட்டம்தான். ஆனால் அட்டையில் குறித்துப் பெட்டியில் போடும்போது நடிக்கத் தேவையில்லை.

தமிழகத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2023 ஜனவரியில் 'துணிவு', 'வாரிசு' படங்களின் அதிகாலைக் காட்சிகளின்போது சென்னையில் ஒரு ரசிகர் உயிரிழந்தார். அதன்பின் அதிகாலைக் காட்சிக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது இங்கே முதல் காட்சி ஒன்பது மணி, கேரளத்தில் நான்கு மணி. தமிழ்ப் படத்தைப் பற்றிய முதல் கருத்து எல்லைக்கு அப்பாலிருந்து வந்து, கையில் டிக்கெட்டோடு நின்ற நம் ரசிகரின் கைப்பேசியில் காத்திருந்தது.

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது இந்த விவகாரம் முற்றியது. படம் பற்றிய முதல் நாள் வீடியோக்கள் மிகக் கடுமையாக இருந்தன. முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை என்பதையும் ஒலி அதிகம் என்பதையும் ஒப்புக்கொண்டே, முதல் காட்சி முடியும் முன்பே இவ்வளவு எதிர்ப்பு எப்படி வந்தது என்று நடிகை ஜோதிகா இன்ஸ்டாகிராமில் எழுதினார். நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களைப் பேட்டி எடுக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. பிறகு முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், பொத்தாம் பொதுவாகத் தடை விதிக்க முன்வரவில்லை. அவதூறு இருந்தால் தனித்தனியே புகார் செய்யலாம் என்றது. கேரள உயர் நீதிமன்றத்தில் இதற்கு ஓராண்டு முன்பே வழக்கு நடந்தது. அங்கே நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று பரிந்துரைத்தார்.

தயாரிப்பாளர்களின் ஆற்றாமையை நான் கேலி செய்யவில்லை. காசு வாங்கிக்கொண்டு திட்டுவோரும் காசு வாங்கிக்கொண்டு புகழ்வோரும் இருப்பதாகத் தொழிலில் உள்ளவர்களே சொல்கிறார்கள். படம் வருவதற்கு முன் அதே சேனல்களை அழைத்து டீசர், டிரெய்லர், பாட்டு வெளியீடு என்று நாள்கணக்கில் பேச வைத்தவர்களும் அவர்களே என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. ஆனால் மூன்று நாள் என்ற எண்ணை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இன்று பெரிய படத்தின் வசூலில் பெரும்பங்கு வெள்ளி, சனி, ஞாயிறில் வந்துவிடுகிறது. பல நூறு திரைகளில் ஒரே நேரத்தில் போட்டு, பேச்சு பரவுவதற்குள் எடுத்துவிடும் கணக்கு அது. 'முள்ளும் மலரும்' காலத்தில் பேச்சு பழுக்க வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. படப்பெட்டி ஓரிரு தியேட்டரில் தங்கிக் காத்திருந்தது.

மூன்று நாள் மௌனத்தால் பெரிய நடிகரின் படத்துக்கு நஷ்டமில்லை. அதன் டிக்கெட்டுகள் முன்பதிவிலேயே போய்விடும். நாலு திரையில், அதுவும் காலைக் காட்சியில் மட்டும் போடப்படும் புதுமுகங்களின் படத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் வெளியே வரும் இருபது பேரின் வாய்தான் முதலீடு. அவர்கள் சனி ஞாயிறில் பேசியாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்ற பட்டியலைத் தியேட்டர் மேனேஜர் திருத்தி எழுதிவிடுவார்.